பின்கட்டில் விறகு பாய்லர்: அமைத்ததும் எரிப்பதும், புகை பற்றி ஒரு கேள்வியும்

தென்னைமரத்தடி (ராமமூர்த்தி நகர், பெங்களூரு)
டிசம்பர் 3, காலை 7:10

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டுப் பின்பக்கம் மூன்று தென்னையும் ஒரு மாமரமும் நிற்கின்றன. மட்டை, பாளை, சிரட்டை என்று வாரந்தோறும் ஒரு குவியல் சேர்ந்துவிடுகிறது. மாடியில் சூரிய வெந்நீர்த் தொட்டி இருக்கிறது. ஆனால் கார்த்திகையில் வங்கக் கடலில் ஒரு தாழ்வுநிலை உருவானால் இங்கே மூன்று நாள் வானம் மூடிக்கொள்கிறது. குழாயில் வருவது பச்சைத் தண்ணீர்தான். அம்மாவுக்கு 81 வயது. தோளில் சூடாக ஊற்றிக்கொண்டால்தான் அவருக்குக் கை மேலே எழும்புகிறது. அதனால் இரண்டு வருடங்களுக்கு முன் பின்சுவரை ஒட்டி 120 லிட்டர் விறகு பாய்லர் ஒன்றை அமைத்தேன்.

அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். எவர்சில்வர் உருளை, அடியில் அடுப்புப் பெட்டி, உருளையின் நடுவே நான்கு அங்குலக் குழாய். அனல் அந்தக் குழாய் வழியாக ஏறும்போது சுற்றியுள்ள தண்ணீர் சூடாகிறது. அதே குழாய் மேலே புகைபோக்கியாக நீள்கிறது. மாடித் தொட்டியிலிருந்து வரும் குளிர்ந்த நீர் உருளையின் அடியில் நுழையும், வெந்நீர் தலைப்பிலிருந்து குளியலறைக்குப் போகும்.

முதல் வருடம் நடந்ததை இங்கே எழுதியே ஆக வேண்டும், புதிதாக அமைப்பவர்களுக்காக. செய்து கொடுத்த பட்டறையில், குளிர்நீர் நுழையும் இடத்தில் தண்ணீர் திரும்பாமல் தடுக்கும் வால்வு ஒன்றை வைத்துவிட்டார்கள். மேலே காற்றுக் குழாய் வேண்டுமே என்று கேட்டதற்கு, அதில் தண்ணீர் வழிந்து வீணாகும் என்றார்கள். நானும் விட்டுவிட்டேன். ஒருநாள் காலை அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. உறவினர் வீட்டுச் சாவுச் செய்தி வந்ததில் யாரும் குளிக்கவில்லை, அடுப்பை நினைக்கவும் இல்லை. உருளைக்குள் யாரோ முட்டியால் இடிப்பதுபோல் திம் திம் என்று சத்தம். நான் பின்கதவைத் திறப்பதற்குள் வெந்நீர்க் குழாயின் முதல் மூட்டு உப்பி வெடித்தது. கொதிநீர் எதிர்ச்சுவரில் ஆளுயரத்துக்கு அடித்தது. அந்த இடத்தில்தான் அம்மா காலையில் துளசிக்குத் தண்ணீர் ஊற்றுவார். அன்று ஊற்றவில்லை.

அதைச் சரிசெய்தாயிற்று. இப்போது என் கேள்வி வேறு. பற்றவைத்த முதல் இருபது நிமிடம் வெள்ளைப் புகை கனமாக வருகிறது. பின்வீட்டு அம்மா துணியெல்லாம் புகை நாற்றம் என்று போன வாரம் சொன்னார். புகையைக் குறைக்க என்ன செய்யலாம்?


பீன்யா வெல்டர்
டிசம்பர் 3, இரவு 9:25

ஐயா, நீங்கள் பிழைத்தது பெரிய விஷயம். இருபத்திரண்டு வருடமாக வெல்டிங் தொழில் செய்கிறேன், அதனால் அழுத்திச் சொல்கிறேன். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியானால் ஏறத்தாழ 1,600 லிட்டர் இடம் கேட்கும். அதற்கு வழி விடாவிட்டால் தானே வழி செய்துகொள்ளும். விறகு நெருப்பை கீசர் மாதிரி விசையைத் தட்டி அணைக்க முடியாது, அதனால் விறகு பாய்லருக்குத் திறந்த காற்றுக் குழாய் இல்லாமல் தீரவே தீராது. உருளையின் தலைப்பிலிருந்து கிளம்பி, மாடித் தொட்டியின் நீர்மட்டத்தைத் தாண்டி மேலே போய், வாய் கீழ்நோக்கி வளைந்து திறந்தே இருக்க வேண்டும். அந்தக் குழாயில் வால்வோ அடைப்போ கூடவே கூடாது. தண்ணீர் சூடாகும்போது விரியும். குளிர்நீர்க் குழாய் வழியாகத் தொட்டிக்குத் திரும்பும் பாதையும் திறந்திருக்க வேண்டும். உங்களுக்கு இரண்டையும் அடைத்து வைத்திருந்தார்கள்.

குழாயிலும் கவனம் வையுங்கள். வெந்நீருக்கென்று விற்கும் சிபிவிசி பிளாஸ்டிக் குழாய் 93 டிகிரி வரைதான் தாங்கும். விறகு பாய்லரில் தண்ணீர் கொதிநிலைக்கே போய்விடும். உருளையிலிருந்து முதல் ஐந்தாறு அடிக்கு ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) அல்லது செப்புக் குழாய்தான். அதன்பின் சிபிவிசி சேர்த்துக்கொள்ளலாம்.

போர்வெல் தண்ணீரா, காவிரித் தண்ணீரா? போர் தண்ணீர் என்றால் வருடத்துக்கு ஒருமுறை அடியில் இருக்கும் பிளக்கைக் கழற்றிப் படிந்த உப்பை வெளியேற்றுங்கள். எங்களிடம் வந்த ஓர் உருளையில் விரற்கடை அளவுக்குச் சுண்ணாம்பு படிந்திருந்தது.


கோலார் மைந்தன் (பானசவாடி)
டிசம்பர் 4, காலை 6:02

கோலார் தங்கவயலில் சாம்பியன் ரீஃப் சுரங்கத் தொழிலாளர் லைன் வீட்டில் பிறந்தவன் நான். 2001இல் சுரங்கம் மூடியபின் இங்கே வந்தோம். எங்கள் பாட்டியிடம் ஒரு செப்பு பாய்லர் இருந்தது. நடுக்குழாயில் கரி எரியும், பக்கத்தில் ஒரு புனல், மேலே ஒரு வளைந்த மூக்கு. புனலில் ஒரு சொம்பு பச்சைத் தண்ணீர் ஊற்றினால் அது அடிவரை இறங்கும். மேலே நிற்கும் வெந்நீர் அதே ஒரு சொம்பு அளவு மூக்கு வழியாக வாளியில் விழும். ஊற்றாமல் எடுக்கவே முடியாது. அதனால் உருளை எப்போதும் நிறைந்தே இருக்கும், வறண்டு ஓட்டையாகாது. தாத்தா சுரங்கத்திலிருந்து ஏறி வரும் நேரத்துக்கு அது தயாராக இருக்கும்.

புகைக்கு வருகிறேன். பாட்டி ஒரு கட்டை விறகை எடுத்தால் இன்னொன்றால் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் அடுப்பில் வைப்பார். காய்ந்தது கணீரென்று பேசும். ஈரம் இருந்தால் மொத்தென்று விழும்; அதை அடுப்பு மேட்டின் பக்கத்தில் திரும்பவும் அடுக்கிவிடுவார். விறகின் வெட்டுமுகத்தைப் பாருங்கள். நடுவிலிருந்து ஓரத்துக்கு வெடிப்புகள் ஓடியிருக்க வேண்டும், பட்டை விரலால் நெம்பினாலே உரிய வேண்டும். புதிதாக வெட்டிய மரத்தில் ஏறக்குறைய பாதி எடை தண்ணீர்தான். அந்தத் தண்ணீரை ஆவியாக்கி முடிக்கும்வரை நெருப்பு சூடேறாது. சூடேறாத நெருப்பு புகைந்துகொண்டேதான் இருக்கும்.

விறகை எப்போது வாங்குகிறீர்கள்? பெரும்பாலோர் குளிர் வந்தபின் நவம்பரில் விறகுக் கடைக்கு ஓடுகிறார்கள். ஆறு மாத மழையில் நனைந்ததைத்தான் எடைபோட்டுத் தருவார்கள். தை, மாசியில் வாங்கி, பிளந்து, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, தரையில் படாமல் செங்கல்மேல் அடுக்குங்கள். கோடை முழுவதும் காயட்டும். சித்திரை மழைக்கு முன் தலைக்கு மட்டும் தகரம் போடுங்கள், பக்கங்களை மூடாதீர்கள். சவுக்கும் புளியும் கனமாக நின்று எரியும். யூக்கலிப்டஸ் பிளந்து காயவைத்தால் நல்லது. உங்கள் தென்னை மட்டை பற்றவைக்க மட்டும் உதவும், அதையும் வெயிலில் போட்டபின்.


அல்சூர் அக்கா
டிசம்பர் 4, காலை 10:40

தம்பி, கோபித்துக்கொள்ளாதீர்கள். எல்லோரும் எரிப்பவர் பக்கத்திலிருந்து பேசுகிறீர்கள், நான் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து பேசுகிறேன்.

என் மகனுக்கு ஒன்பது வயது, வீசிங். எங்கள் தெருவில் ஒரு வீட்டில் காலை ஐந்தரைக்குத் தவலை அடுப்பு பற்றவைப்பார்கள். மார்கழியில் பனி இறங்கிய காலைகளில் அந்தப் புகை மேலே போகாது. தெருவிளக்கின் உயரத்தில் பந்தல் போட்டதுபோல் நிற்கும். ஜன்னலை மூடினாலும் இடுக்கு வழியாக வந்துவிடும். அவன் எழுந்ததும் முதலில் தேடுவது இன்ஹேலரை. இரண்டு முறை நெபுலைசர் வைக்க மருத்துவமனைக்கு ஓடியிருக்கிறோம். விறகுப் புகையில் இருக்கும் நுண்துகள் மூக்கில் நிற்காது, நுரையீரலின் அடிவரை போகும். மண்வாசனை, பாட்டி நினைவு என்று சொல்வதெல்லாம் என் பிள்ளையின் நெஞ்சுக்குத் தெரியாது.

உங்கள் அம்மாவின் தோள் எனக்குப் புரிகிறது. என் மாமியாருக்கும் மூட்டுவலிதான். ஆனால் உங்கள் பின்வீட்டு அம்மா துணியைப் பற்றி மட்டும்தான் சொன்னார் என்றால், மற்றதைச் சொல்லத் தயங்குகிறார் என்று பொருள். போய்க் கேளுங்கள். அந்த வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியுமா?


தென்னைமரத்தடி
டிசம்பர் 4, மாலை 6:15

அக்கா, தெரியாது. ஆறு வருடமாகப் பின்வீடு. இன்றுவரை உள்ளே போனதில்லை. போய்க் கேட்டுவிட்டு எழுதுகிறேன்.

நான் நவம்பரில்தான் விறகு வாங்கினேன். தட்டிப் பார்த்தேன், எல்லாம் மொத்தென்றுதான் சொல்கிறது.


கணக்குப் பிள்ளை
டிசம்பர் 5, காலை 8:30

கொஞ்சம் கணக்கைப் பார்ப்போம். 1884 ஜனவரி 13இல் 7.8 டிகிரி பதிவான ஊர் இது; ஆனால் இப்போதைய டிசம்பரில் மாடித் தொட்டித் தண்ணீரை 20 டிகிரி என்று வைத்துக்கொள்ளலாம். 120 லிட்டரை 60 டிகிரிக்கு ஏற்ற 4,800 கிலோகலோரி வேண்டும். நன்கு காய்ந்த விறகு கிலோவுக்கு 3,500க்கு மேல் தரும். முழு வெப்பமும் தண்ணீருக்குப் போனால் ஒன்றரைக் கிலோ விறகு போதும். நீங்கள் எத்தனை கிலோ எரிக்கிறீர்கள்? ஐந்தாறு கிலோ என்றால் நான்கில் மூன்று பங்கு புகைபோக்கி வழியாகப் போகிறது. அதில் ஒரு பகுதி வெறும் அனல், இன்னொரு பகுதி எரியாமலே போன விறகு. அந்த இரண்டாவதைத்தான் வெள்ளைப் புகை என்கிறோம். நீங்கள் காசு கொடுத்து வாங்கிய எரிபொருள் அடுத்த வீட்டுத் துணியில் ஒட்டுகிறது.

இதையே மின்சார கீசரில் செய்தால் 5.6 யூனிட். காற்றிலிருந்து வெப்பத்தை இழுத்துத் தண்ணீருக்குக் கொடுக்கும் வெப்பப் பம்பு வைத்தால் ஏறத்தாழ அதில் மூன்றில் ஒரு பங்கு. விலை அதிகம்தான், ஆனால் வயதானவர் இருக்கும் வீட்டில் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டியது.


பனிநாட்டான் (மின்னசோட்டா, அமெரிக்கா; பூர்வீகம் பெங்களூரு மர்பி டவுன்)
டிசம்பர் 6, காலை 5:50

அண்ணா, நான் இருக்கும் ஊரில் வெளியே வெப்பநிலை மைனஸ் 30 வரை இறங்கும். வீடு முழுவதையும் விறகால் சூடாக்குகிறேன். அடுப்பு வீட்டுக்குள் இல்லை, 60 அடி தள்ளி ஒரு சிறு கொட்டகை மாதிரி நிற்கிறது. நடுவில் தீப்பெட்டி, சுற்றிலும் நூற்றுக்கணக்கான லிட்டர் தண்ணீர். சூடான தண்ணீரை ஒரு பம்பு மண்ணுக்கடியில் காப்புறை போட்ட குழாய் வழியாக வீட்டுக்குள் தள்ளும். அங்கே காற்றூதி வெப்பத்தை அறைகளுக்குப் பரப்பும், ஆறிய தண்ணீர் திரும்பிப் போகும். காலை ஒருமுறை, இரவு ஒருமுறை விறகு போட்டால் போதும். நெருப்பும் சாம்பலும் வீட்டுக்குள் வருவதில்லை, கார்பன் மோனாக்சைடு பயமும் குறைவு.

கேட்க நன்றாக இருக்கிறதல்லவா? நான் முதலில் வாங்கியது பழைய மாதிரி, அதுவும் ஒருவர் பயன்படுத்தியது. அதன் பெரிய குறை அது வேலை செய்யும் முறையிலேயே இருந்தது. தண்ணீர் 85 டிகிரியைத் தொட்டதும் காற்றுவாயில் தானாக மூடிக்கொள்ளும். உள்ளே பெட்டி நிறைய விறகு, காற்று இல்லை. அணையவும் அணையாது, எரியவும் எரியாது, மணிக்கணக்கில் புழுங்கும். தண்ணீர் ஆறியதும் வாயில் திறக்கும், அதுவரை தேங்கியதெல்லாம் ஒரே மூச்சில் வெளியே கக்கும். குளிர்ந்த உலோகத்தில் அந்தப் புகை பட்டால் கருப்புத் தாராகப் படியும். ஒரு மார்ச் மாதம் புகைபோக்கியைக் கழற்றினேன். ஆறு அங்குலக் குழாயில் கையை விட முடியவில்லை. அது தீப்பற்றினால் குழாய் முழுக்க எரியும். திரும்பி வரும் தண்ணீர் 60 டிகிரிக்குக் கீழே போனால் இந்தப் படிவு இன்னும் வேகமாக ஏறும், தகடும் அரிக்கும்.

இதனால்தான் இங்கே பல ஊர்களில் பக்கத்து வீட்டார் சண்டை, தடை எல்லாம் வந்தன. அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை 2015இல் புதிய அடுப்புகளுக்குப் புகை வரம்பு விதித்தது, 2020இல் அதை இன்னும் இறுக்கியது. அதற்குப் பிறகு விற்பவற்றில் பெரும்பாலானவை புகையை இரண்டாவது அறைக்குள் இழுத்து, அங்கே கூடுதல் காற்று கொடுத்து எரித்துவிடும்.

நானும் அப்படியொன்றுக்கு மாறினேன், கூடவே ஒரு பெரிய சேமிப்புத் தொட்டியும் வைத்தேன். உங்களுக்குப் பயன்படும் விஷயம் இந்தத் தொட்டிதான். இப்போது நான் நெருப்பை மூட்டினால் முழு வேகத்தில் எரியவிட்டு, விறகு தீர்ந்ததும் அணைய விடுகிறேன். வெப்பத்தைத் தொட்டி வைத்துக்கொள்ளும். தண்ணீர் தேவைப்படும் நேரத்துக்கு நெருப்பு எரிய வேண்டிய அவசியம் இல்லை. உங்களிடம் 120 லிட்டர் உருளை இருக்கிறது, அதுவே தொட்டிதான். காலையில், பனி மூடிய நேரத்தில் ஏன் பற்றவைக்கிறீர்கள்? பிற்பகல் மூன்று மணிக்கு, வெயிலில் காற்று மேலெழும் நேரத்தில் எரியுங்கள். உருளைக்குக் கனமாகக் கண்ணாடிப் பஞ்சு சுற்றுங்கள்.

புகைபோக்கி எத்தனை அடி? பத்தடி தூரத்துக்குள் இருக்கும் கூரை எதுவானாலும் அதைவிட இரண்டடி உயர வேண்டும் என்பது இங்கே பழைய விதி. அதுவே போதும் என்று இருந்துவிடாதீர்கள், பின்வீட்டு ஜன்னல் எந்த உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள்.


சிரட்டை
டிசம்பர் 6, காலை 11:15

எதை எரிக்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. பிளைவுட், லேமினேட் ஒட்டிய பலகை, பெயிண்ட் அடித்த பழைய கதவு வேண்டவே வேண்டாம். பசையும் சாயமும் நச்சுப் புகையாகும். கப்பலில் வந்த பெட்டிகளின் பலகை மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்குகிறார்கள். அதில் சூட்டு முத்திரை பாருங்கள். எம்பி (MB) என்று ஆங்கில எழுத்துகள் இருந்தால் பூச்சிமருந்து வாயு பிடித்த மரம், தொடாதீர்கள். தோட்டத்தில் வெட்டிய அரளியையும் போடக் கூடாது, அதன் புகையே விஷம்.


அல்சூர் அக்கா
டிசம்பர் 6, பகல் 1:05

பிற்பகல் மூன்று மணி என்பது நல்ல யோசனை. ஆனால் பிள்ளைகள் பள்ளி விட்டு வரும் நேரமும் அதுதான். எந்த நேரமானாலும் புகை வராமல் எரிக்க முடிந்தால் மட்டும் எரியுங்கள்.


தென்னைமரத்தடி
ஜனவரி 9, காலை 7:45

தாமதத்துக்கு மன்னிக்கவும். செய்து பார்க்காமல் எழுதக் கூடாது என்று இருந்தேன்.

டிசம்பர் 7 காலை பின்வீட்டுக்குப் போனேன். அந்த அம்மா காபி கொடுத்தார். அவருடைய மருமகளுக்குப் பிரசவமாகி நாற்பது நாள் ஆகிறது. குழந்தை படுத்திருக்கும் அறை முதல் மாடியில், எங்கள் பக்கம் பார்த்தது. என் மனைவி இங்கே அடுப்பைப் பற்றவைக்க, நான் அந்த ஜன்னலில் நின்று பார்த்தேன். என் புகைபோக்கியை அந்தப் பக்கத்திலிருந்து அதுவரை நான் பார்த்ததே இல்லை. அதன் வாய் ஜன்னல் கட்டைக்கு ஒரு சாண் கீழே இருந்தது. புகை வெளியே வந்து, சற்றுத் தயங்கி, மடிந்து, நேராக எங்கள் முகத்துக்கு வந்தது. குழந்தையின் துணிகள் ஜன்னல் கம்பியில் காய்ந்துகொண்டிருந்தன. அந்த அம்மா ஒன்றும் சொல்லாமல் அவற்றை எடுத்து உள்ளே வைத்தார்.

அன்றே அடுப்பை நிறுத்தினேன். அந்த மூன்று வாரமும் அம்மாவுக்கு கீசர் தண்ணீர்தான்.

பிறகு செய்தவை. புகைபோக்கியை 11 அடியிலிருந்து 22 அடிக்கு உயர்த்தி, மூன்று பக்கம் கம்பி இழுத்துக் கட்டினேன். முன்பு இருந்த இரண்டு வளைவுகளையும் எடுத்துவிட்டேன், நேர்க்குழாய். உயரம் கூடியதில் இழுவை நன்றாகிவிட்டது. கதவைத் திறந்தால் முன்பு முகத்தில் அடித்த புகை இப்போது உள்ளேயே இழுக்கப்படுகிறது. உருளைக்கு இரண்டு அங்குலக் கண்ணாடிப் பஞ்சு, மேலே அலுமினியத் தகடு. ஈர விறகு முழுவதையும் தகரக் கொட்டகையில் அடுக்கிவிட்டேன், அது அடுத்த கார்த்திகைக்கு. இந்த வருடத்துக்கு ஒரு மர அறுவை ஆலையில் ஒரு வருடம் வெயிலில் கிடந்த சவுக்குத் துண்டுகளை வாங்கினேன். கூடுதல் விலைதான். ஒவ்வொன்றும் கணீரென்கிறது.

எரிக்கும் முறையும் மாறிவிட்டது. பிற்பகல் இரண்டேகால் மணிக்கு, பள்ளி விடும் முன். காய்ந்த மட்டை ஈர்க்கு, சிரட்டை, விரல் பருமனுள்ள குச்சிகள்; காற்றுவாயில் முழுதும் திறந்திருக்கும். பெருவிறகு முதலில் வைப்பதில்லை. குச்சிகள் எரிந்து அடுப்புக்குள் ஆரஞ்சு நிறம் பிடித்தபின், மணிக்கட்டுப் பருமனில் பிளந்த விறகு இரண்டு இரண்டாக. குழாய்க்குள் ஒரு உறுமல் கேட்கும். அந்த உறுமல் இருக்கும்வரை புகை இல்லை. முதல் ஆறேழு நிமிடம் மெல்லிய சாம்பல் நிறப் புகை, அதன்பின் புகைபோக்கியின் வாயில் அனல் நடுங்குவது மட்டும் தெரிகிறது. முன்பு ஆறு கிலோ எரித்தேன், இப்போது நான்கு.

மூன்றரைக்கு 74 டிகிரி. ஆனால் முதல் நாள் மறுகாலையில் பார்த்தால் 46தான். உருளையைச் சுற்றிப் பஞ்சு இருக்கிறது, நடுக்குழாய் திறந்திருக்கிறதே! இரவெல்லாம் குளிர்ந்த காற்று அதன் வழியாக ஏறி வெப்பத்தைத் திருடியிருக்கிறது. இப்போது தணல் முற்றும் அவிந்தபின் காற்றுவாயிலையும், நடுக்குழாயை அடைக்கும் தகட்டையும் மூடிவிடுகிறேன். மறுகாலை ஐந்தரைக்கு 58. அம்மாவுக்கும் எனக்கும் மனைவிக்கும் தாராளம்.

அல்சூர் அக்கா, நீங்கள் கேட்காமல் இருந்திருந்தால் நான் அந்த ஜன்னலுக்குப் போயிருக்கமாட்டேன். வானம் மூடும் நாள்களில் மட்டும்தான் இனி எரிப்பேன், மற்ற நாள்களில் சூரியத் தொட்டியே போதும். பின்வீட்டு அம்மாவிடம் ஒன்று சொல்லி வைத்திருக்கிறேன்: புகை தெரிந்தால் உடனே குரல் கொடுக்க வேண்டும். இதுவரை ஒருமுறை கொடுத்தார். அன்று மாங்கிளை ஒன்று ஈரமாக உள்ளே போய்விட்டது.


பீன்யா வெல்டர்
ஜனவரி 9, இரவு 8:50

நல்லது ஐயா. தகட்டை மூடும் விஷயத்தில் ஒன்று. தணல் இருக்கும்போது மூடினால் கார்பன் மோனாக்சைடு கதவு வழியாகத் திரும்பும். திறந்த பின்கட்டு என்பதால் உங்களுக்குப் பரவாயில்லை, கொட்டகைக்குள் வைத்திருப்பவர்கள் செய்யக் கூடாது. தகட்டின் நடுவில் ஒரு அங்குலத் துளை போட்டுவிடுங்கள், மறந்து மூடினாலும் போக வழி இருக்கும். குளியலறை ஜன்னலுக்கு நேர்கீழே பாய்லர் வைப்பவர்களுக்கும் இதையே சொல்கிறேன்: வைக்காதீர்கள்.

கம்பிகளை மழைக்கு முன் ஒருமுறை முறுக்கிப் பாருங்கள். 22 அடிக் குழாய் மே மாதக் காற்றில் ஆடும்.


ஜாலஹள்ளி புதியவன்
ஜனவரி 10, காலை 9:20

இந்த இழை முழுவதையும் படித்தேன். நானும் அமைக்க நினைக்கிறேன், பக்கத்து வீடுகள் தள்ளி இருக்கின்றன. காற்றுக் குழாய் எத்தனை அங்குலம்? தொட்டியைவிட எவ்வளவு உயரம்? புகைபோக்கியை எப்படிச் சுத்தம் செய்கிறீர்கள்?


தென்னைமரத்தடி
ஜனவரி 10, மாலை 5:30

தம்பி, காற்றுக் குழாய் ஒரு அங்குல ஜிஐ, தொட்டியின் நிறைமட்டத்துக்கு மேலே மூன்றடி, வாய் தொட்டிப் பக்கமே வளைந்திருக்கிறது. பொங்கினாலும் தண்ணீர் திரும்ப அதிலேயே விழும். புகைபோக்கியின் அடியில் கழற்றக்கூடிய ஒரு மூடி வைத்திருக்கிறேன். மாதம் ஒருமுறை மாடியிலிருந்து கம்பித் தூரிகையைக் கயிற்றில் கட்டி இறக்குகிறேன். டிசம்பரில் ஒரு முறம் கரி விழுந்தது, பிசுபிசுப்பாக. நேற்று ஒரு கைப்பிடி, உலர்ந்த தூள். சாம்பலை ஒருநாள் முழுக்கத் தகர வாளியில் ஆறவிட்டுத் தென்னைக்குப் போடுகிறேன்.

தள்ளி இருக்கும் வீடுகளின் மாடிக்கும் ஒருமுறை ஏறிப் பார்த்துவிட்டு உயரத்தை முடிவு செய்யுங்கள். வரும் ஞாயிறு வானம் மூடும் என்கிறார்கள், இரண்டேகாலுக்குப் பற்றவைப்பேன். நேரில் பார்க்க வாருங்கள், அளவுநாடா கொண்டுவாருங்கள்.